மரியாதைப்பட்ட சாட்சி

சித்தத் தள்ளி உக்காருங்க அம்மிணி. அந்தப் பக்கம் செவுத்துல பூரா வெத்தலை எச்சி, சீலையில ஒட்டிக்கும். நான் காலையில இருந்து இங்கயேதான் குத்த வெச்சிருக்கறேன். எந்தப் பக்கம் நல்ல பக்கம்னு தெரிஞ்சு போச்சு.

உங்களுக்கு என்ன கேசுங்க? சீவனாம்சமா. சரி, சரி, சொல்லோணும்னு இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். நம்ம கேசு அப்படியில்லீங்க. நம்ம கேசுன்னு சொல்றதே தப்பு. எம்மேல ஒரு கேசும் கெடையாது. நான் சாட்சி. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன், ஏன்னா இந்த வராண்டாவுல உக்காந்தாலே போறவன் வாறவனெல்லாம் இவ என்ன பண்ணிப்போட்டு வந்தாளோன்னு ஒரு பார்வை பாக்கறான். அரசாங்கத் தரப்பு சாட்சிங்க நான். கவர்மெண்டு வக்கீலே காலையில எங்கிட்ட வந்து நின்னு பேசிப்போட்டுப் போனாரு.

எங்கூட்டுக்காரரு உள்ள இருக்கறாரு. அவரும் சாட்சிதானுங்க. அவரு சொல்றத நான் கேக்கப்படாதாம், நான் சொல்றத அவரு கேக்கப்படாதாம். அதனால அவரு முடிச்சு வெளிய வந்தாத்தான் என்னைக் கூப்பிடுவாங்க. அதா, வாசப்படியில செவப்புப் பட்டை போட்டுக்கிட்டு நிக்கறானே டவாலி, அவன்தான் கூப்பிடுவான். பேரை மூணு தடவை கத்துவான். புருசன் பேரு, அப்பன் பேரு எல்லாம் சேத்துத்தான். இந்த வளாகமே திரும்பிப் பாக்கும். காலையில அவரைக் கூப்பிட்டப்ப எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு.

எங்கூரு பேரு வேண்டாமுங்க. ஏற்கனவே நாறிக் கெடக்குது.

என்ன கேசுன்னா, வாயில சொல்றதுக்கே வெக்கமா இருக்குதுங்க. அந்த மாதிரி ஊடு. புரிஞ்சுதுங்களா? எங்க வீதிக்குப் பின்னால வாய்க்கா ஓரத்துல இருந்துச்சு. ஆம்பளைக வாறதும் போறதும். அதை ரெண்டு வருசத்துக்கு மின்ன போலீசு வந்து புடிச்சாங்க. புடிக்க வெச்சதே நான்தான். மகளிர் குழு இருக்குதுங்கல்ல, அதுக்கு நான்தான் தலைவி. எங்கூட்டுக்காரரு மாவு மில்லு வெச்சிருக்கறாரு, ஊருல பாதிப் பேருக்கு எங்க மில்லு மாவுதான். அதனால எஞ்சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. உண்டுன்னா, அப்ப இருந்துச்சு.

அங்க பாருங்க, கதவுக்கு உள்பக்கம், மரக்கட்டை போட்டு அடைச்சிருக்கறாங்கல்ல, அதுக்குள்ள ஊதாச் சீலையில ஒருத்தி நிக்கறாளா? முதுகுதான் தெரியும். அவதான். சம்பூர்ணம்னு பேரு. அவ கேசு நடக்கறப்ப அவ உள்ளயே நிக்கோணுமாம். நான் இத்தன நேரமா அவ முதுகையேதான் பாத்துக்கிட்டிருக்கறேன். உள்ள அவரு பேசறது ஒரு எழவும் கேக்க மாட்டேங்குது, அந்த ஃபேன் வேற கடகடன்னு ஓடுது. அவ முதுகு ஆடுனா அவரு என்னமோ சொல்லிப்போட்டாருன்னு அர்த்தம். இன்னும் ஆடல.

அவ டைலருங்க. வெளியூர்க்காரி. கட்டுனவன் விட்டுப்போட்டுப் போயிட்டான்னு சொல்லிக்கிட்டு ஒரு மிசினோட வந்து எறங்குனா. ரவிக்கை தெப்பா. தெப்பான்னா, பொய் சொல்லக்கூடாது, அப்படித் தெப்பா. நம்ம ஊருல அதுக்கு முன்னால ஒருத்தன் தெச்சுக்கிட்டு இருந்தான், கை தூக்குனா அக்குள்ல டர்ருனு கிழியும். இவ தெச்சா ஒடம்போட ஒட்டுனாப்பல நிக்கும். இப்ப நான் போட்டிருக்கறது கூட அவ தெச்சதுதான். காலையில அவசரத்துல கையில கெடச்சதை எடுத்துப் போட்டுக்கிட்டேன், பஸ்ஸுல ஏறுன பொறவுதான் கவனிச்சேன். முந்தானைய இழுத்து மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கறேன்.

என்னை அக்கா அக்காம்பா. அளவெடுக்கறப்ப, இடுப்பு சித்த எளைச்சிருக்குதுங்க்கா, ஒழுங்காச் சாப்புடறீங்களாம்பா. எனக்கு அப்பவே புடிக்காது. அவளுக்கு என்னத்துக்கு என்ற இடுப்பு மேல அவ்வளவு அக்கறை?

அப்பறம் பாத்தேன். ஒரு நாள் துணிக்காரன் பையோட உள்ள போறான். ஒரு நாள் மிசினு ரிப்பேருக்காரன். ஒரு நாள் சிலிண்டருக்காரன் போனவன் திரும்பி வரவே காணோம். காணோம்னா, நான் நின்னு பாக்கலீங்க, எனக்குச் சோலி இருந்துச்சு, உள்ள வந்துட்டேன். அதெல்லாங்கூட விடுங்க. செவ்வாக்கெழமை மத்தியானம் ஒருத்தன் வாய்க்கா மேட்டு வழியா வண்டியில வருவான். தலையில ஹெல்மெட்டு. எங்கூருல எவன் ஹெல்மெட்டுப் போடறான், நீங்களே சொல்லுங்க. செவ்வாக்கெழமை எங்கூருச் சந்தை. வீதியில ஒரு ஈ காக்கா இருக்காது, எல்லாம் சந்தைக்குப் போயிரும். அதைப் பாத்துத்தான் வாறான் கள்ளன். ஒரு தடவை மாடி மேல துணி காயப் போடறப்ப தூரத்துல பாத்தேன். குறிச்சு வெச்சுக்கிட்டேன் மனசுல. செவ்வா, மத்தியானம்.

இல்லீங்க, எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லல. அவரு செவ்வாக்கெழமைல கல்லுக் கொத்தற மும்முரத்துல இருப்பாரு. மாவு அரைக்கற கல்லு மழுங்கிப் போகுமுங்க, அதை உளியில கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கோணும். சந்தை அன்னைக்கு அரைக்க ஆளு வராது, அதனால மத்தியானம் மில்லைச் சாத்திப்போட்டு அந்த வேலையப் பாப்பாரு. சாப்பாடு கூடக் கொண்டு வரவேண்டாம், கல்லுத் தூசி கண்ணுல அடிக்கும், நீ அந்தப் பக்கமே வராதம்பாரு. அவ்வளவு பாசமுங்க எம்மேல. பொழுது சாயத்தான் ஊட்டுக்கு வருவாரு, குளிச்சுப்போட்டு.

குழுக் கூட்டத்துல நான் எந்திரிச்சுப் பேசுனேன். அன்னைக்கு நான் பேசுன பேச்சு இருக்குதே, இப்ப நெனச்சாலும் எனக்கே மயிர்க்கூச்செடுக்குது. அவளை மட்டும் தொரத்துனாப் பத்தாது, போற ஆம்பளைய மொதல்ல புடிச்சு உள்ள போடோணும், ஆம்பள போகாட்டி அவ எங்க கடை விரிக்கறா, சட்டத்துல அவனுக்குத்தான் பெரிய தண்டனை இருக்கோணும்னேன். கை தட்டுவாளுகன்னு பாத்தேன். தட்டுனாளுக, ஆனா நாலஞ்சு பேரு ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டுத் தட்டுனாளுக. எங்க வீதி தெய்வாத்தா மட்டும், எதுக்குங்க்கா வம்பு, அவ பாட்டுக்குத் தெச்சுப் பொழைக்கறா, விட்டுருங்கன்னா. எனக்கு வந்துச்சே கோவம். உன்ற புருசன் போறானாடின்னு கேட்டுப்போட்டேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்துப்போட்டு, பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டா.

ஸ்டேசனுக்கு நாங்க எல்லாம் ஒட்டுக்காப் போனோம். அப்ப இருந்த இன்ஸ்பெக்டரு ஒரு மாதிரி ஆளுங்க, இப்ப மாத்திப்போட்டாங்க. அவருதான் சட்டத்தச் சொன்னாரு. அந்த மாதிரி ஊட்டுக்குள்ள போலீசு போகோணும்னா அதே பக்கத்துல குடியிருக்கற மரியாதைப்பட்ட ஆளுக ரெண்டு பேரு சாட்சிக்கு நிக்கோணுமாம். அதுல ஒண்ணு பொம்பளையா இருக்கோணுமாம். உங்கள்ல யாருங்க அப்படி மரியாதைப்பட்ட பொம்பளைன்னு கேட்டாரு.

எல்லாத்துக்கும் முந்தி நான் கையைத் தூக்குனேன்.

எப்ப வரலாம்னாரு. செவ்வாக்கெழமை மத்தியானம் வாங்க, கையும் களவுமாப் புடிக்கலாம்னேன். பொழுதைக்கூட நான்தான் குறிச்சுக் குடுத்தேன்.

தண்ணி குடிக்கறீங்களா? நான் ஒரு மடக்குக் குடிச்சுக்கறேன்.

அந்தச் செவ்வாக்கெழமை சந்தைக்கு எவளும் போகல. சீமாறு எடுத்துக்கிட்டு வாங்கடின்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். ஜீப்பை ரேசன் கடைகிட்டயே நிறுத்திப்போட்டு நடந்து வந்தாங்க. பொம்பளைப் போலீசு ரெண்டு பேரு மின்ன போனாங்க. கதவைத் தட்டல, ஒதைச்சாங்க. நான் வாசல்ல நின்னேன், சாட்சியில்லீங்களா. உள்ள கூப்புடுவாங்கன்னு பாத்தேன், கூப்புடல. எவனோ ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் புடிச்சுக்கிட்டே நின்னான், பேப்பர்க்காரனாம்.

மொதல்ல அவளை இழுத்துக்கிட்டு வந்தாங்க. கழுத்துல இஞ்சு டேப்பு தொங்குது. தெச்சுக்கிட்டு இருந்திருப்பா போல. மூஞ்சிய மூடிக்கறதுக்கு ஒண்ணுமில்ல அவளுக்கு, போலீசும் குடுக்கல. அந்தப் பேப்பர்க்காரன் கிட்டக்கப் போய்ப் போய்ப் புடிக்கறான். பின்னால ஒரு ஆம்பளையக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அந்த ஆளுக்கு மட்டும் தலையோட துண்டைப் போட்டு மூடி, போலீசே பதனமாக் கையப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. எனக்கு அதைப் பாத்தொடனே பொறுக்கல. பொம்பள மூஞ்சி ஊருக்கெல்லாம் தெரியோணும், இவன் மூஞ்சி மட்டும் தெரியக்கூடாதான்னு, சீமாத்தைத் திருப்பிப் புடிச்சுக்கிட்டு ஓடிப்போய் அடிச்சேன். தலைமேல, முதுகுமேல, எங்க பட்டுச்சோ. நாயே நாயேன்னு அடிச்சேன். அந்தாளு ஒரு சத்தம் போடல. குனிஞ்சு குனிஞ்சு அடி வாங்கறான்.

அவதான் கத்துனா. அத்தன பேருக்கு நடுவுல, போலீசு கையில இருந்துக்கிட்டு, அக்கா, வேண்டாங்க்கான்னா.

நான் உனக்கு அக்காவாடின்னு இன்னும் ஒண்ணு ஓங்குனேன். அப்பத்தான் கீழ பாத்தேன். செருப்பில்லாத காலு. குதிகால்ல பித்தவெடிப்பு. அந்த வெடிப்புக்குள்ள வெள்ளை வெள்ளையா மாவு.

நான் வெளக்கெண்ணெ தடவுற காலுங்க அது. கண்ணாலமான நாள்ல இருந்து தடவறேன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க அம்மிணி. மாவு மில்லுக்காரரு, எங்கயோ மாவு குடுக்கப் போயிருக்கறாரு. கம்பு மாவு கேட்டிருக்கறா, குடுக்கப் போன எடத்துல புடிச்சுப்போட்டாங்க. நான் ஊருல அப்படித்தான் சொன்னேன். எல்லாரும் ஆமாங்க்கா, ஆமாங்க்கான்னாங்க. அதுக்கப்பறம் அரைக்கறதுக்கு அடுத்த ஊரு மில்லுக்குப் போறாளுக, அது வேற.

அந்த எடத்துல என்ன பண்ணுனேன்னு கேளுங்க. ஒண்ணும் பண்ணல. சீமாறு கையிலயே நின்னு போச்சு. பக்கத்துல இருந்தவ, என்னங்க்கா நிறுத்திப்போட்டீங்கன்னு எங்கையில இருந்து புடுங்கி அவ அடிச்சா. இன்னொருத்தி அடிச்சா. நிறுத்துங்கடின்னு சொல்றதுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னாத் தெரிஞ்சு போகுமில்லைங்க? அதனால சொல்லல. அவிய அடிக்கறத நின்னு பாத்தேன்.

ஜீப்பு மேல பேப்பரை வெச்சு, சாட்சிக்காரம்மா வாங்கன்னாரு இன்ஸ்பெக்டரு. என்ன எழுதியிருக்குதுன்னு படிக்கறதுக்குக் கண்ணு தெரியல. கையெழுத்தைப் போட்டேன். பொறவு சொன்னாங்க, மாறுவேசத்துல போலீசு ஒருத்தர் காசோட உள்ள போனதை நான் பாத்தேனாம், ரெண்டு மூணு ஆம்பளைக பின்வாசல்ல குதிச்சு ஓடுனதையும் பாத்தேனாம். எல்லாம் அதுல இருக்குது. ஆம்பளைக கூட்டமா வந்து போற எடம்னு காட்டுனாத்தான் கேசு நிக்குமாமுங்க.

அவங்களக் கொண்டு போன பொறவு, நான் மட்டும் ஸ்டேசனுக்குப் பின்வழியாப் போனேன். இன்ஸ்பெக்டரு என்னைப் பாத்துப்போட்டு, என்னங்க தலைவி, இன்னும் யாரையாச்சும் புடிக்கோணுமான்னாரு. நான் அந்தத் துண்டு போட்ட ஆளையே பாத்தேன். இன்ஸ்பெக்டருக்குப் புரிஞ்சு போச்சு. சிரிப்பாருன்னு பாத்தேன், சிரிக்கல. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாப் போச்சு. உக்காருங்கம்மான்னு சேரு போட்டாரு.

"ஆம்பளைக்கு இதுல ஒண்ணும் ஆகாதுங்கம்மா. கேசெல்லாம் அந்தப் பொம்பளைக்குத்தான். இவரைச் சாட்சியாப் போட்டுர்றேன். காசு குடுத்துப் போனேன், அங்க இன்னும் நாலு பேரு இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்" அப்படின்னாரு.

கூட்டத்துல நான் பேசுன பேச்சை அவரும் கேள்விப்பட்டிருப்பாரு. ஆனா நான் கையெடுத்துக் கும்புட்டேன். நல்லா இருப்பீங்கன்னு சொன்னேன். அவ ஓரத்துல தரையில உக்காந்திருந்தா. தண்ணி, தண்ணின்னு கேட்டா. என்ற பையில பாட்டில் இருந்துச்சு. அவருக்கு வேணுமேன்னு வெச்சுக்கிட்டேன். அவரும் குடிக்கல.

அவளை அரசாங்கக் காப்பகத்துக்குக் கொண்டு போயி அடைச்சாங்க. ஜாமீனுக்கு நிக்க ஆளில்லாம நெம்ப நாள் அங்கயே கெடந்தாளாம். அவ மிசினையும் சாட்சிப் பொருளுன்னு தூக்கிக்கிட்டுப் போனாங்க. இன்னும் ஸ்டேசன் செவுத்தோரமாத்தான் கெடக்குது, மழையில நனைஞ்சு துருப்புடிச்சு. அந்தப் பக்கம் பஸ்ஸுல போறப்ப நான் இந்தப் பக்கம் திரும்பிக்குவேன்.

எம்பொண்ணைத் தாராபுரத்துல குடுத்திருக்கறோமுங்க. அவ மாமியாக்காரி சும்மா இருப்பாளா? ஆனாப் பாருங்க, அந்தம்மா பெரிய மனசு பண்ணி, ஆம்பளைக்கு ஒரு நாளு புத்தி கெட்டுப் போச்சு, விடுங்க சம்மந்தின்னு சொன்னா. ஒரு நாள். நான் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். ஒரு நாள்னா ஊரு பொறுத்துக்குமுங்க. சாராயத்தக் குடிச்சுப்போட்டு விழுந்து கெடந்தாப்பல. மறந்தும் போயிரும்.

அந்த ராத்திரி அவருக்குச் சோத்தைப் போட்டு வெச்சுக்கிட்டு, நானே சொன்னேன், போகுது, ஒரு நாள் தானேன்னு. அவரு சோத்துல கையை வெச்சுக்கிட்டே சொன்னாரு.

"ஒரு நாள் இல்ல. புள்ளைக்குக் கண்ணாலம் ஆவறதுக்கு மின்ன இருந்து. அந்த ஊட்டை வாடகைக்குப் புடிச்சுக் குடுத்ததே நான்தான். வேற எவனும் அங்க வந்ததில்ல."

காசு குடுத்தீங்களான்னேன். எனக்கு ஏன் அதைக் கேக்கோணும்னு தோணுச்சோ. குடுத்தாப் போதும்னு இருந்துச்சுங்க எனக்கு. காசு குடுத்துப் போயிருந்தா அது ஒரு கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி. அவரு இல்லைன்னு தலையாட்டுனாரு. வாடகை குடுப்பேன், மாவு குடுப்பேன்னாரு. அப்பறம், அவ எனக்குத் தலைவலின்னாத் தைலம் தேய்ப்பான்னாரு. அதை எதுக்குச் சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நானுந்தான் தேய்ச்சிருக்கறேன்.

அன்னையில இருந்து அவரு மில்லுலயே படுத்துக்கறாரு. வெளிய போனா அந்தத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டுத்தான் போறாரு. வெயிலு இல்லாட்டியும் போட்டுக்குவாரு. ஹெல்மெட்டைக் கெணத்துல போட்டுட்டாரு.

போன வாரம் சின்னப் பொண்ணு ஒண்ணு ஊட்டுக்கு வந்துச்சு. சம்பூர்ணத்துக்குச் சட்ட உதவியில குடுத்த வக்கீலாம். நான் காபி கூடக் குடுக்கல. அந்தப் பொண்ணு நிதானமாத்தான் பேசுச்சு. ஒரு பொம்பள அவ ஊட்டுல இருந்தா, ஒருத்தரு வந்து போனாருன்னா, அது அந்த மாதிரி ஊடு ஆகாதுங்கம்மா, கேசே நிக்காது, நாலு பேரு வந்தாங்கன்னு சாட்சி சொன்னாத்தான் அவங்க ஜெயிலுக்குப் போவாங்க, நீங்க உங்க கண்ணால என்ன பாத்தீங்களோ அதை மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் கேக்கலைன்னுச்சு. நான் எழுதுனபடிதான் சொல்லுவேன்னு கதவைச் சாத்திப்போட்டேன்.

ஆனாத் தூக்கம் வரல. நான் என்ன பாத்தேன்? துணிக்காரன் துணி கொண்டாந்தான். ரிப்பேருக்காரன் ரிப்பேரு பண்ணுனான். சிலிண்டருக்காரன், அவன் வேற வழியாப் போயிருப்பான். பின்வாசல்ல எவனும் குதிக்கல, அந்த ஊட்டுக்குப் பின்வாசலே கெடையாதுங்க, வாய்க்காதான். பூராவும் யோசிச்சுப் பாத்தா நான் பாத்தது ரெண்டு குதிகாலு. அதைச் சொல்லோணும்னா யாரு காலுன்னு சொல்லோணுமில்ல. சொன்னா அவ விடுதலையாகி வந்துருவா. வந்து எங்க போவா? எம்பொண்ணு மாமியாக்காரிக்கு நான் என்ன பதிலு சொல்றது? புருசன் ஒரு நாள் தப்புப் பண்ணுனவன்னா அது ஒண்ணு. இத்தன வருசமா இன்னொரு ஊட்டுலயும் குடும்பம் நடத்தியிருக்கறான், பொண்டாட்டி மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு ஹெல்மெட்டைப் பாத்துக்கிட்டு நின்னான்னா, என்னை என்னன்னு நெனப்பாங்க? ஊருல எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது அம்மிணி. தெய்வாத்தாளுக்குத் தெரிஞ்சிருக்குது. கை தட்டுனவளுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது. எனக்கு ஒருத்திக்குத்தான்.

காலையில பஸ்ஸுல எம்பக்கத்துல உக்காந்துக்கிட்டு, உள்ளதச் சொல்லப் போறேன்னாரு. நான் பொண்ணு பேரைச் சொல்லி அழுதேன். பஸ்ஸுல அத்தன பேரும் பாத்தாங்க. இன்ஸ்பெக்டரு சொன்ன மாதிரி ஒரு வார்த்தை சொல்லிருங்க, நானும் எழுதுன மாதிரி சொல்லிர்றேன், முடிஞ்சு போகும், அவளுக்கு என்ன, ஆறு மாசமோ ஒரு வருசமோ, இருந்துட்டு வரட்டும், ஏற்கனவே காப்பகத்துல இருந்து பழகுனவதானேன்னேன். அவரு துண்டைத் தலையில இன்னும் கீழ இழுத்து விட்டுக்கிட்டாரு.

சித்த இருங்க. அவ முதுகு ஆடுது, பாருங்க.

பாத்தீங்களா? சீலைத் தலைப்பை எடுத்து வாயில வெச்சு அமுக்கறா. அழுகறாளாட்ட இருக்குது. எதுக்கு அழுகறா? அவரு எழுதுனபடி சொல்லிப்போட்டாரா, இல்ல உள்ளதச் சொல்லிப்போட்டாரா? பொம்பள முதுகப் பாத்து என்னத்தக் கண்டுபுடிக்கறது. ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் ஆடும் போல.

வாறாரு. அதா வாறாரு. எங்கூட்டுக்காரரு.

தலையில துண்டு இல்ல.

பாத்தீங்களாங்க. துண்டை என்ற மடியில போட்டுப்போட்டுப் போறாரு. அங்க குழாயில மூஞ்சி கழுவறாரு. அத்தன பேரு பாக்கறாங்க, வெறுந்தலையோட நிக்கறாரு. தலையெல்லாம் எவ்வளவு நரைச்சுப் போச்சு. நான் கவனிக்கவே இல்ல, ரெண்டு வருசமா மூடியே வெச்சிருந்தாரில்ல. எப்பவும் மாவா நரையான்னு தெரியாது அவருக்கு.

சொல்லிட்டாரு. உள்ளதச் சொல்லிட்டாருங்க.

அய்யோ, கூப்பிடறான். பூவாத்தாள்னு கூப்பிடறான், கேக்குதுங்களா? கணவர் பேரு குழந்தைசாமின்னு வேற சேத்துக் கத்தறான். நான்தானுங்க. கொஞ்சம் என்ற மின்னால நகந்து உக்காருங்க, மறைச்ச மாதிரி. இந்தத் துண்டை இப்படிப் போட்டுக்கறேன். இல்லீங்க, வெயிலுதான், கண்ணு கூசுது. நெழலுதான், தெரியுது, இருந்தாலும் கூசுது. கேட்டா அந்தப் பொம்பள அப்பவே பஸ் ஏறிப் போயிட்டான்னு சொல்லிருங்க. ரெண்டாவது தடவை கூப்பிட்டுட்டான். இன்னும் ஒண்ணுதான், அதுக்கப்பறம் விட்டுருவான்.

யாருங்க அது திரும்பறது? அவளா? கட்டையப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாக்கறாளே. எதுக்கு இந்தப் பக்கம் பாக்கறா? இத்தன பேருல என்னை எப்படிக் கண்டுபுடிச்சா, நான்தான் மூடிக்கிட்டு இருக்கறேனே. ஓ, ரவிக்கை. அவ தெச்ச கை தெரியுதில்ல.

என்னமோ சொல்றா. கேட்டுதுங்களா உங்களுக்கு?

எனக்குக் கேட்டுச்சு. "அக்கா, உங்களத்தானுங்க்கா கூப்பிடறாங்க." அவ்வளவுதான் சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. கோவமெல்லாம் இல்ல. கோவமா இருந்தா நான் பாட்டுக்கு இங்கயே உக்காந்துக்குவேனே.

எந்திரிக்கோணும். கையைக் குடுங்க அம்மிணி, காலு மரத்துப் போச்சு. இந்தத் துண்டைச் சித்தப் புடிச்சுக்குங்க, வந்து வாங்கிக்கறேன். ஒரு நிமிசம், இல்ல, குடுங்க. நானே கொண்டு போறேன்.